போனவர்களும் திரும்பியவர்களும்: ஆயுத இயக்கங்களில் தனிமனிதர்கள்

1982 மே 19 அன்று சென்னை பாண்டி பஜாரில் ஈழப் போராளித் தலைவர்கள் பிரபாகரனும் உமாமகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு, கைதானார்கள். ஜாமீன் நிபந்தனைப்படி உமாமகேஸ்வரன் சென்னையில் தங்கினார். பிரபாகரன் மதுரைக்கு வந்து பழ. நெடுமாறனின் ஆதரவில் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இருவரும் விடுதலைப் புலிகள் என்ற ஒரே இயக்கத்தில் இருந்தவர்கள். உமாமகேஸ்வரன் வெளியேற்றப்பட்டு புளொட் என்ற வேறு இயக்கம் கண்டார். பழைய தோழமை பகையாகி, கடைத்தெருவில் துப்பாக்கிச் சூடாக வெடித்தது.

ஒருவர் ஏன் ஆயுத இயக்கத்தில் சேர்கிறார், ஏன் விலகுகிறார் என்ற கேள்வி பாதுகாப்புத் துறைக்காரர்களுக்கு மட்டும் உரியதாகப் பேசப்படுகிறது. மதுரையிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் இது வீட்டுக் கதை. மலேயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த தாத்தாக்கள், தலைமறைவாகத் திரிந்த கம்யூனிஸ்டுகள், ஈழ இயக்கங்களின் முகாம்கள், பிறகு வந்த அகதி முகாம்கள் என்று ஒரே நூற்றாண்டுக்குள் பல அனுபவங்கள் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சேர்ந்ததற்கான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் விலகியதற்கான காரணமும் கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. சேரும் நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது ஒன்று. விலகும் நேரத்தில் வெளியே யார் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள் என்பது முற்றிலும் வேறொன்று.

ரத்தத்தில் தேடிய விடை

இந்தச் சமவெளியில் அரசு முதலில் எழுதிவைத்த விடை மிக எளிமையானது: பிறப்பு. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கு வந்து, பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது பாய்ந்தது. ஊர்க்காவல் செய்து, அதற்குக் கூலி பெற்றுவந்தவர்களை அரசு பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் அடைந்து கிடக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டி அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் ரத்தானது. சீர்திருத்தம் என்ற பெயரில் அந்தச் சட்டக் காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மட்டும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன.

கள்ளர் சமூகம் ஆயுத இயக்கம் எதையும் நடத்தவில்லை. ஆனாலும் இந்த வரலாறு இங்கே தேவைப்படுகிறது. ஒரு கூட்டத்தில் பிறந்தவன் வன்முறைக்குப் போவான் என்ற ஊகம் ஆதாரமற்றது என்பது இங்கே ரத்தம் சிந்தி நிரூபிக்கப்பட்டது. வேறு பெயர்களில், வேறு சமூகங்கள்மீது, அதே ஊகம் இன்றும் புழங்குகிறது.

மலேயாவில் திறந்த கதவு

1939 செப்டம்பரில் முத்துராமலிங்கத் தேவர் அழைப்பில் சுபாஷ் சந்திர போஸ் மதுரை வந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1943 ஜூலையில், அவர் சிங்கப்பூரில் இறங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு மோகன் சிங் அமைத்த முதல் இந்திய தேசிய ராணுவம் 1942 இறுதியிலேயே கலைந்திருந்தது. போஸ் வந்த பிறகு சிவிலியன்கள் திரண்டார்கள். அவர்களில் பெரும்பங்கினர் ரப்பர் தோட்டங்களிலும் நகரங்களிலும் இருந்த தமிழர்கள். ராமநாதபுரம், மதுரை, தஞ்சைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் வழியாகக் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள்.

அவர்கள் ஏன் சேர்ந்தார்கள்? தேசபக்தி என்று ஒரு சொல்லில் முடித்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். போர்க்காலத்தில் தோட்டங்களில் வேலை நின்றுபோய், அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண ரயில்பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். படையில் சேர்ந்தவனுக்கு உணவும் உடையும் உண்டு, ரயில்பாதையிலிருந்து தப்பவும் வழியுண்டு. அதே நேரத்தில், தோட்டத்தில் வெள்ளை துரைமுன் தலைகுனிந்து நின்றவன், சீருடையில் நிமிர்ந்து நின்றான். கோலாலம்பூர்க் கூட்டத்தில் காதணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ஜானகி தேவர் வசதியான குடும்பத்துப் பெண். அவருடன் அணிவகுத்த தோட்டத்துப் பெண்கள் பலர் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளுக்குள்ளும் ஒன்றுக்கு மேல்.

விலகலும் அப்படித்தான். 1944இல் இம்பால் போர்முனையில் உணவும் மருந்தும் அற்றுப்போய், மலேரியாவும் மழையும் சேர்ந்தபோது படையை விட்டு ஓடியவர்கள் உண்டு. போஸை அவர்கள் வெறுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பட்டினி கொள்கையை மாற்றவில்லை, காலை மாற்றியது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்களைப் புதிய இந்திய ராணுவம் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊர் அவர்களைத் தலைநிமிர்ந்து வரவேற்றது. 1972இல் மத்திய அரசின் தியாகி ஓய்வூதியமும் வந்தது. தோற்ற படையின் வீரர்கள்தான். ஆனாலும் திரும்பி வந்த இடத்தில் அவர்களுக்கு ஒரு மரியாதையான பெயர் காத்திருந்தது.

தலைமறைவிலிருந்து தேர்தலுக்கு

1948இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் பாதையை ஏற்றபோது மதுரையின் ஆலைத் தொழிலாளர் தலைவர்கள் பலர் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தார்கள். ‘தூக்குமேடை’ பாலு 1951இல் மதுரைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டில் கட்சி ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டது. 1952 பொதுத்தேர்தலில் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் போட்டியிட்டுச் சட்டமன்ற உறுப்பினரானார்.

விலகலில் இது வேறொரு வகை. இங்கே தனிமனிதர் இயக்கத்தை விட்டுப் போகவில்லை. இயக்கமே ஆயுதத்தை விட்டு வந்தது. அதனால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நேற்றைய தலைமறைவுத் தோழர் இன்று வாக்குக் கேட்டுத் தெருவில் நடந்தார். கொள்கையும் தோழமையும் கையில் இருக்க, துப்பாக்கியை மட்டும் கீழே வைக்கும் வாய்ப்பு எல்லா இயக்கத்தவருக்கும் கிடைப்பதில்லை.

இயக்கத்துக்குப் போன தலைமுறை

ஈழத்தில் நடந்தது வேறு. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழகக் கதவைத் தமிழ் மாணவர்களுக்குச் சுருக்கியது. 1976இல் தனி ஈழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1981 மே இறுதியில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. இத்தனைக்குப் பிறகும் 1983 தொடக்கத்தில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்களை டஜன் கணக்கில் எண்ணிவிடலாம். அந்த ஆண்டு ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதும் தெற்கில் தமிழர்கள்மீது நடந்த கொலைவெறி எல்லாவற்றையும் மாற்றியது. சில மாதங்களில் இயக்கங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குறை பல ஆண்டுகளாக இருந்தது, ஆட்கள் வரவில்லை. கோபமும் அச்சமும் ஒரே வாரத்தில் ஊர் முழுவதையும் பற்றிக்கொண்டபோது, படகும் பயிற்சியும் தயாராக இருந்தபோது, வந்தார்கள். இந்திய அரசின் மறைமுக ஆதரவில் வடக்கே உத்தரப் பிரதேச மலைகளிலும், பிறகு தமிழ்நாட்டிலும் முகாம்கள் நடந்தன. மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் அருகிலுள்ள சிறுமலையில் புலிகளின் முகாம் இருந்தது. தஞ்சைப் பகுதி ஒரத்தநாட்டில் புளொட் இயக்கம் பெரும் எண்ணிக்கையில் ஆட்களை வைத்திருந்தது.

போராளிகள் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று இருக்கிறது. வீட்டில் டியூஷன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுக்கும் பையன். வழியில் இரண்டு கூட்டாளிகள். யாரோ ஒரு அண்ணன் சொன்ன இடம், இரவில் படகு. அம்மாவுக்கு ஒரு துண்டுக் கடிதம், அதுவும் மறுநாள்தான் கிடைக்கும். அந்தப் பையன் எந்த இயக்கத்தில் சேர்ந்தான் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் அறிக்கைகள் அல்ல. எந்த இயக்கத்துக்காரர் அந்த ஊரில், அந்தப் பள்ளியில், அந்தத் தெருவில் இருந்தார் என்பதுதான். புலிகளின் தொடக்க வேர்கள் வல்வெட்டித்துறைக் கடற்கரையில், ஈரோஸுக்கு மலையகத் தமிழரிடையே தொடர்பு, ஈ.பி.ஆர்.எல்.எஃப்.புக்குக் கிழக்கிலும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடையேயும் ஆதரவு. ஒரே வகுப்பில் படித்த மூவர் மூன்று இயக்கங்களுக்குப் போய், மூன்றாண்டுகளில் ஒருவரையொருவர் தேடியலைந்த கதைகள் ஏராளம்.

பெண்கள் சேர்ந்ததற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1985இல் புலிகளின் முதல் மகளிர் அணி தமிழ்நாட்டில் பயிற்சி பெற்றது. 1987 அக்டோபர் 10 அன்று இந்திய அமைதிப்படையுடனான மோதலில் புலிகளின் பெண் போராளி மாலதி இறந்தார். ராணுவச் சோதனைகளில் நேர்ந்த அவமானமும் இடப்பெயர்வும் அவர்களைத் தள்ளின; சீதனமும் வீட்டுக் கட்டுப்பாடும் இல்லாத ஒரு வாழ்க்கை இழுத்தது. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் நூல், அவர் இறந்த பிறகு, 2016இல் வெளிவந்தது. உள்ளே இருந்தபோது அடைந்த தன்மதிப்பையும் பின்னால் வந்த கேள்விகளையும் அது சேர்த்தே சொல்கிறது.

ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்

உள்நாட்டுப் போர்களைப் பற்றி பால் காலியரும் ஆங்கே ஹோஃப்லரும் கிளப்பிய விவாதம் 2000களில் ஓங்கி ஒலித்தது. மனக்குறை எங்கும் உண்டு. கொள்ளையடிக்கப் பணமும் வேலையற்ற இளைஞர்களும் இருக்கும் இடத்தில்தான் கிளர்ச்சி நடக்கிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ஈழத்துக்கு இது பொருந்துவது குறைவு. சம்பளமில்லாத, காதலுக்குக்கூடத் தடையிருந்த, கழுத்தில் சயனைட் குப்பி தொங்கிய இயக்கத்தில் பணத்துக்காகச் சேர்ந்தவர் யார்?

எல் சால்வடோரில் கிளர்ச்சியாளர்களை ஆதரித்த விவசாயிகளிடம் பேசிய எலிசபெத் வுட், அநீதிக்கு எதிராகத் தாமே செயல்படுகிறோம் என்ற பெருமிதமே அவர்களுக்குக் கிடைத்த பலன் என்றார். மலேயாத் தோட்டத்துச் சிப்பாயை இந்த விளக்கம் நன்றாகவே தொடுகிறது. சியரா லியோனில் முன்னாள் போராளிகள் ஆயிரம் பேருக்கு மேல் பேட்டி கண்ட மக்கார்ட்டன் ஹம்ஃப்ரீசும் ஜெரமி வெயின்ஸ்டைனும், குறை, பரிசு, நிர்ப்பந்தம் மூன்றும் ஒரே போரில் சேர்ந்தே இயங்கின என்று காட்டினார்கள். பால் ஸ்டேனிலண்ட் 2014இல் எழுதிய நூலில் இலங்கையையும் எடுத்துக்கொண்டு, போருக்கு முன்பே இருந்த சமூகத் தொடர்புகளே ஒரு இயக்கம் கட்டுக்கோப்பாக நிற்குமா, உடையுமா என்பதைத் தீர்மானிக்கின்றன என்றார். டியூஷன் சைக்கிளில் போன பையனின் கதைக்கு இதுதான் மிக நெருக்கமான விளக்கம்.

விருப்பம் முடிந்து நிர்ப்பந்தம் தொடங்கிய காலம்

‘ஏன் சேர்ந்தாய்’ என்ற கேள்வியே பொருந்தாத பெருங்கூட்டமும் உண்டு. 1989–90இல் இந்தியப் படை வெளியேறும் நேரத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தரப்பு தமிழ் தேசிய ராணுவம் என்ற பெயரில் இளைஞர்களை வலுக்கட்டாயமாகப் பிடித்தது. அந்தப் படை சில மாதங்களில் கலைந்தது. புலிகளும் விலக்கல்ல. பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று 1998இல் ஐ.நா. பிரதிநிதியிடம் வாக்களித்தார்கள், அதற்குப் பிறகும் சிறுவர் சேர்ப்பு பற்றி யுனிசெஃப் ஆயிரக்கணக்கான புகார்களைப் பதிவு செய்தது. 2006க்குப் பின், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாயம் வந்தபோது, பெற்றோர் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். சிறு வயதிலேயே மணம் முடித்துவைத்தவர்களும் உண்டு. 1983இல் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போன பிள்ளையும், 2008இல் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளையும் ஒரே சீருடை அணிந்தவர்கள்தான். இருவரையும் ஒரே கணக்கில் எழுதும் எந்த ஆய்வும் தவறாகவே முடியும்.

விலகும் வழிகள்

விலகல் ஒரு நாளில் நடப்பதில்லை. புளொட்டின் ஒரத்தநாட்டு முகாம்களில் பயிற்சி முடித்துச் சண்டைக்குக் காத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் காத்தே கிடந்தார்கள். ஆயுதம் வரவில்லை, கேள்வி கேட்டவர்கள்மீது உளவாளிப் பட்டமும் சித்திரவதையும் வந்தன. அங்கிருந்து தப்பி வந்த கோவிந்தன் 1985இல் எழுதிய ‘புதியதோர் உலகம்’, இயக்கத்துக்குள் நடந்த கொடுமையை அந்த இயக்கத்தவரே சொன்ன முதல் தமிழ் நாவல்களில் ஒன்று. பதின்வயதில் புலிகளில் சேர்ந்து விலகிய ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வந்தது. ஈ.பி.ஆர்.எல்.எஃப். தொடக்கக்காலத்தவரான சி. புஷ்பராஜா தன் சாட்சியத்தை 2003இல் பதிப்பித்தார். இவர்கள் யாரும் தமிழர் உரிமை தேவையில்லை என்று முடிவெடுத்து விலகவில்லை. நோக்கத்தில் நம்பிக்கை இருந்தது, இயக்கத்தில்தான் போனது.

புலிகள் இயக்கத்தில் விலக விரும்புவோர் எழுதிக் கொடுப்பதைத் ‘துண்டு கொடுப்பது’ என்பார்கள். கொடுத்தவுடன் வீட்டுக்கு விட்டுவிட மாட்டார்கள். சில மாதங்கள் தண்டனை வேலை செய்த பிறகே வெளியே வரலாம். போர் இறுகியபோது அந்த வழியும் அடைபட்டது. காதல், திருமணக் கட்டுப்பாடுகள் தொடக்கத்தில் கடுமையாக இருந்து, 1984இல் திருப்போரூரில் தலைவர் பிரபாகரனே மணம் முடித்த பிறகு தளர்ந்தன. ஆளை உள்ளே வைத்திருக்க, கண்டிப்பு மட்டும் போதாது, வாழ்க்கையும் வேண்டும் என்பதை இயக்கம் உணர்ந்துகொண்ட இடம் அது.

சிலர் விலகவில்லை, அவர்களின் இயக்கம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 1986 மே 4 அன்று மதுரையில் ஈழத் தமிழர் ஆதரவு அமைப்பான டெசோவின் மாநாடு கூடியது. வாஜ்பாய், என்.டி. ராமராவ் போன்ற தலைவர்கள் ஈழத் தமிழருக்கு ஒரே மேடையில் ஆதரவு தெரிவித்தார்கள். அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் புலிகள் மற்றொரு ஈழ இயக்கமான டெலோவைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து டெலோ தலைவர் சிறீசபாரத்தினம் கொல்லப்பட்டார். உயிர் பிழைத்த டெலோ இளைஞர்கள் வீட்டுக்கும் இந்தியாவுக்கும் சிதறினார்கள். அவர்களைப் பொறுத்தவரை விலகல் என்பது ஓட்டம்.

கூட்டமாக விலகுவது எளிது. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து, ஏப்ரலில் வெருகல் மோதலுக்குப் பின் தன் படையைக் கலைத்தபோது, கிழக்கின் ஆயிரக்கணக்கான போராளிகள் சில நாட்களில் வீடு திரும்பினார்கள். 2025 அக்டோபரில் மாவோயிஸ்ட் தலைவர் மல்லோஜுல வேணுகோபால் ராவ் கட்சிரோலியில் அறுபது பேர் அளவில் ஒரு குழுவோடு சரணடைந்தார். தனியாகப் போனால் துரோகி. தலைவரோடு போனால் அது ஒரு முடிவு. உகாண்டாவில் 2000ஆம் ஆண்டு மன்னிப்புச் சட்டமும் ‘வீட்டுக்கு வா’ என்ற வானொலி நிகழ்ச்சியும் காட்டிலிருந்த கிளர்ச்சியாளர்கள் பலரை வெளியே கொண்டுவந்தன. கொலம்பியாவில் 2010 கிறிஸ்துமஸின்போது ராணுவம் காட்டு மரங்களில் விளக்குச் சரம் கட்டி, கிளர்ச்சியாளர்களை வீடு திரும்புமாறு எழுதிவைத்தது. பிறகு தாய்மார்கள் தந்த சிறுவயதுப் படங்களையும் ஒட்டியது. அந்த விளம்பரங்களில் கொள்கைக்கு மறுப்பு எதுவுமில்லை. இன்னும் உனக்காக ஒரு வீடு இருக்கிறது என்பது மட்டுமே செய்தி.

வெளியே இருப்பது என்ன

இந்த இடத்தில்தான் நம் பக்கத்து நிலைமை சோதனைக்கு வருகிறது. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் எல்லாம் மாறியது. 1992 மே மாதம் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. இயக்கத்தில் எப்போதோ இருந்தவர் என்ற பழைய தகவல் ஒன்றே காவல்துறையின் கியூ பிரிவின் சந்தேகத்துக்கும் சிறப்பு முகாமுக்கும் போதுமானதாக இருந்தது. விலகி வந்தவருக்கும் விலகாதவருக்கும் வித்தியாசம் பார்க்கப்படவில்லை.

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் ஈழத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 முதல் அவற்றின் பெயர் மறுவாழ்வு முகாம். அங்கு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த இயக்கத்திலும் இல்லாத, போரிலிருந்து உயிர் தப்பி வந்த குடும்பங்கள். ஆண்களில் பலருக்குப் பெயின்டிங் வேலை. காலையில் வாளியும் பிரஷ்ஷுமாக நகரத்துக்குப் போய், கட்டி முடித்த யாரோ ஒருவர் வீட்டுக்கு வர்ணம் அடித்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். அரசின் பணக்கொடை வாங்க முகாமில் ஆள் இருப்பதைக் காட்டியாக வேண்டும். முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகியும், இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூடக் குடியுரிமை இழுபறிதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. போரில் பங்கெடுக்காதவர்களுக்கே இதுதான் நிலை என்றால், ஆயுதத்தை வைத்துவிட்டு வந்த ஒருவர் என்ன எதிர்பார்க்க முடியும்?

இலங்கையில் 2009இல் போர் முடிந்த பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர். தொழிற்பயிற்சி, கல்வி முதலிய திட்டங்களில் முழுமையாகப் பங்குபெற்றவர்களிடம் வன்முறை ஆதரவு அதிகமாகக் குறைந்தது என்று ஆரி குருக்லான்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். காவலில் இருப்பவர் தரும் விடையை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயம் அதன்மேல் நியாயமாகவே உண்டு. வெளியே வந்த பிறகு கிடைத்தவை வேறு: தொடர் கண்காணிப்பு, வேலை கொடுக்கத் தயக்கம், சொந்த ஊரிலேயே சந்தேகப் பார்வை. கூடவே பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வி: உன்னால் மட்டும் எப்படித் திரும்பி வர முடிந்தது?

கற்க வேண்டியது

மூன்று அனுபவங்களையும் ஒப்பிட்டால் கணக்கு எளிது. இந்திய தேசிய ராணுவத்தவருக்கு ஊரில் மரியாதை காத்திருந்தது. பெரும்பாலோர் சிக்கலின்றிப் பொதுவாழ்வில் கரைந்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்குத் தேர்தல் காத்திருந்தது. சிறையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார்கள். ஈழ இயக்கத்தவருக்கு ஒருபுறம் சொந்த இயக்கத்தின் துப்பாக்கியும் மறுபுறம் அரசின் சந்தேகமும் காத்திருந்தன. பலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போய்த்தான் மூச்சுவிட்டார்கள். மூன்று இடத்திலும் சேர்ந்தவர்களின் உள்ளத்தில் இருந்த கோபமும் கனவும் அவ்வளவு வேறுபட்டவை அல்ல. வேறுபட்டது வெளியே இருந்த ஏற்பாடு.

இளைஞர்கள் சேர்வதைத் தடுக்க அரசுகளிடம் உள்ள கருவிகள் குறைவு. ஒரு நூலகம் எரிந்த பிறகு, ஒரு தெருவே அழிக்கப்பட்ட பிறகு, கூட்டாளியோடு படகேறும் பையனை எந்தப் பிரச்சாரமும் நிறுத்தாது. அநீதியை முன்கூட்டியே நிறுத்துவது ஒன்றே அங்கே மருந்து. விலகலை எளிதாக்குவதோ முழுக்க நம் கையில் இருக்கிறது: விலகியவரையும் விலகாதவரையும் பிரித்துப் பார்க்கும் சட்டம், பிடித்துச் செல்லப்பட்டவரையும் தானாகப் போனவரையும் பிரித்துப் பார்க்கும் விசாரணை, வேலை, தங்கும் உரிமை, குடியுரிமை. ஊர் மக்களைப் பொறுத்தவரை, பழைய வாழ்க்கையைக் கிளறாமல் பக்கத்து வீட்டுக்காரராக ஏற்பது. இவை இல்லாத நாட்டில் ஆயுதத்தைக் கீழே வைப்பவர் கொள்கையோடு சேர்த்துத் தன் எதிர்காலத்தையும் கீழே வைக்க வேண்டியிருக்கும். அந்த விலையைக் கேட்டுவிட்டு, ஏன் இன்னும் வெளியே வரவில்லை என்று அவரைக் கேட்பதில் நியாயமில்லை.